எடைக்கு ஏறின புள்ளைங்க

அன்னிக்கு அந்த ஜீப்புல பின்பக்கம் நெருக்கியடிச்சு உக்காந்து வந்தவங்கள்ல யாரெல்லாம் இன்னும் உசுரோட இருக்கீங்களோ, உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். ஐஸ் கடைக்காரர் பொண்ணு இருக்கா, போன தையில பாத்தேன், காது சுத்தமா கேக்கல. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவர் மவன் திருவள்ளூர் பக்கம் மவ வீட்டுல இருக்கிறதா கேள்வி. மாதா கோயில்ல மணியடிச்சவர் புள்ளைங்கள்ல சின்னவன் போய்ச் சேந்துட்டான். பெரியவன் இருக்கான், நல்லாவே பேசுறான், ஆனா என்கிட்ட மட்டும் அந்த ஜீப்பு பேச்சை எடுக்கவே மாட்டான். அன்னிக்கு அவங்கப்பா பெல்ட்டால விளாசின தழும்பு அவன் முழங்கால்ல இன்னும் இருக்கு.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. நமக்கெல்லாம் எட்டு, ஒம்பது, மிஞ்சினா பத்து வயசு. யுத்தம் முடிஞ்சு பட்டாளத்துக்காரன் விட்டுட்டுப் போன வண்டிங்களை ஏலம் போட்டாங்க இல்ல, அதுல எங்க நைனா எடுத்த வண்டி. யுத்த காலத்துல அவர் பட்டாள லாரி ஓட்டினவர். நம்ம ராயபுரத்துத் தெருவுல அந்த வண்டி வந்து நின்ன அன்னிக்கு நீங்க எல்லாரும் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்துச்சு, அதுவே நமக்குப் பெரிய அதிசயம். பானெட்டு மேல வெள்ளை நட்சத்திரம் ஒண்ணு அழிஞ்சும் அழியாம இருக்கும். கித்தான் கூரையில மழை பெஞ்சா ஒரு வாசனை வரும், அந்த வாசனையை அதுக்கப்புறம் நான் எங்கயும் மோந்ததில்ல.

நைனா அந்த ஜீப்புல எண்ணூர் முகத்துவாரத்துலேந்து மீன் ஏத்திக்கினு வருவார். பனையோலைக் கூடை, கூடைக்கு நடுவுல மரத்தூள் போட்ட ஐஸ். ஐஸ் உருகி, மீன் தண்ணியோட கலந்து, பலகை இடுக்கு வழியா கீழ சொட்டிக்கினே வரும். அந்த உப்புத்தண்ணி எங்க விழும்? நேரா பின் சக்கரத்து பட்டா மேலதான். பட்டான்னா உங்களுக்குத் தெரியும், அச்சுக்கு மேல வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புப் பட்டைங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இறுக்கிப் போட்டிருப்பாங்க. வண்டி பள்ளத்துல விழுந்தா அடியைத் தாங்குறது அதுதான். ரெண்டு வருஷத்துல உப்பு அந்தப் பட்டைங்களை அப்பளம் மாதிரி அரிச்சிடுச்சு. மேல் பட்டா ஒருபக்கம் விரிசல் விட்டுச்சு. வண்டி பின்னாடி குந்திக்கினுதான் ஓடும்.

நைனா மீன்புடிக் குடும்பத்துல பொறந்தவர் இல்லையா, அவர் என்ன பண்ணார் தெரியுமா, கட்டுமரம் கட்டுற மாதிரி ஈரக் கயிறை அந்தப் பட்டாவைச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டார். காய்ஞ்சா கயிறு இன்னும் இறுகும்னு சொன்னார். துரு ஏறக்கூடாதுன்னு மேல சுறா எண்ணெய் தடவினார். அந்த நாத்தத்துக்குத் தெருவுல இருந்த பூனை பூராவும் ஜீப்புக்கு அடியிலதான் குடித்தனம். எங்கம்மா விளக்குமாத்தை எடுத்துக்கினு துரத்துவாங்க, அதுங்க போயிட்டுத் திரும்பி வந்து பட்டாவை நக்கும்.

இப்ப அத்தை கதைக்கு வரேன். நைனாவோட ஒரே தங்கச்சி. எண்ணூர் குப்பத்துல குடுத்திருந்தாங்க. கல்யாணம் ஆயி வருஷம் ஓடிப்போச்சு, ரெண்டு தடவை உண்டாயி ரெண்டு தடவையும் தங்கல. அத்தையோட மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்ல. ஒருதரம் நாங்க போயிருந்தப்ப, நைனா மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க: "மூணாவதும் நிக்கலன்னா நான் எம்மவனுக்கு வேற பொண்ணு பாத்துடுவேன்பா. எங்க வூட்டுக்கு ஒரு புள்ள வோணும்." அந்தக் காலத்துல ரெண்டாந்தாரம் கட்டுறதுக்கு யார் கேள்வி கேக்கப்போறாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தக் கயிறு கட்டின பட்டா கிறீச்சுனு கத்திக்கினே வந்துச்சு.

மூணாவது தடவை அத்தைக்கு ஏழு மாசம் தாண்டிடுச்சு. நைனாவுக்கு அந்த சந்தோஷத்தை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. வளையல் போட்டு, தாய் வூட்டுக்குக் கூட்டியாரணும். அதையும் தன் சொந்த வண்டியில கூட்டியாரணும்னு ஒரே பிடிவாதம். "ரயிலு கீதே, அதுல ஒயுங்கா கூட்டிக்கினு வாய்யா"ன்னு அம்மா சொன்னாங்க. "எந்தங்கச்சி ரயில்ல இடிபட்டுக்கினு வரணுமா? வாசல்ல வண்டிய வெச்சுக்கினு?"ன்னார் நைனா. "அப்ப அந்தக் கயித்த அவுத்துட்டு வேற பட்டா போடு. இந்தப் பட்டாவ வெச்சுக்கினு புள்ளத்தாச்சிய ஏத்தாத"ன்னு அம்மா சொன்னதும், சரின்னுட்டார். அம்மா சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா பின்னாடி அம்மா அதையும் தன் தப்பாத்தான் நினைச்சுக்கினு இருந்தாங்க.

ஜீப்புக்கு உண்டான பட்டா எங்கயும் கெடைக்கல. தண்டையார்பேட்டையில ஒரு பழைய இரும்புக் கிடங்குல பட்டாள லாரி பட்டா ஒரு ஜோடி கெடைச்சுது. அதைக் கொல்லுப்பட்டறையில குடுத்து நீளத்தை வெட்டி, முனையைச் சுருட்டி, ஜீப்புக்கு ஏத்த மாதிரி பண்ணிக்கினு வந்தார். மாத்தின அன்னிக்கு நீங்க எல்லாரும் தெருவுல உக்காந்து வேடிக்கை பாத்தீங்களே. ரயில் தண்டவாளத்துக்குப் போடுற கட்டை ரெண்டை அடியில குடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். உப்புல இறுகிப்போன போல்ட்டு ஒண்ணும் அசையல. மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவெச்சு, சம்மட்டியால அடிச்சு, கடைசியில நெருப்புக் காட்டினார். பட்டாவைப் புடிச்சிருந்த பின்னு கழண்டு வந்தப்ப பழைய பட்டா ரெண்டா ஒடைஞ்சு கையில வந்துச்சு. "பாத்தியா, இதுல எந்தங்கச்சிய ஏத்திக்கினு வந்திருப்பேன்"னு அம்மாகிட்ட காட்டினார். மூஞ்சியெல்லாம் கரி, பல்லு மட்டும் தெரிஞ்சுது.

புதுசு போட்டதும் வண்டி பின்னாடி நிமிந்து நின்னுச்சு. ஆசையா ஒரு சுத்து ஓட்டினா, அடேயப்பா, தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. என் தலை கித்தான் கம்பியில இடிச்சு வீங்கிப்போச்சு. லாரிக்குப் போட்ட இரும்பு இல்லையா, பாரம் இருந்தாத்தான் அது படியும். நைனாவுக்கு அது தெரியாமலா இருக்கும். மீன் கூடை ஏத்தி ஓட்டிப் பாத்தார், தொட்டில் கணக்கா சொகமா போச்சு. ஆனா வளைகாப்புக்குப் போறப்ப மீன் ஏத்தவா முடியும்? நாலு மூட்டை மணல் கட்டினார். அம்மா பாத்துட்டு ஆடிப்போயிட்டாங்க.

"புள்ளத்தாச்சி கூட மண்ண ஏத்துவியா? சுடுகாட்டு வேலையாய்யா இது? இன்னா நெஞ்சு ஒனக்கு?"

"பாரம் வோணுமேம்மே. காலியா போனா ஒதறும்."

"பாரம்தானே? தெருவுல இத்தினி புள்ளைங்க கீதுங்க. ஏத்திக்கினு போ. புள்ளத்தாச்சிக்குப் பக்கத்துல புள்ளைங்க இருந்தா நல்லதுதான்."

அப்படித்தான் நம்மளை ஏத்தினாங்க. மணல் மூட்டைக்குப் பதிலா நாம. ஐஸ் கடைக்காரர் பொண்ணு குண்டா இருப்பா, அவளை மட்டும் நைனா ஸ்பெஷலாக் கூப்பிட்டார், அதுக்கு அவ கோச்சுக்கினா. கிரேன்காரர் மவன் பையில கூழாங்கல்லைப் போட்டுக்கினு வந்தான், தானும் எடைக்கு ஆவணும்னு. தம்பிக்குக் காய்ச்சல்னு அம்மா மட்டும் வீட்டுலயே நின்னுட்டாங்க.

குப்பத்துல வளைகாப்பு நடந்துச்சு. கலந்த சாதம், கண்ணாடி வளையல், சந்தனம். நாம தின்னோம், மணல்ல ஓடினோம். அத்தை ஒரு பலகை மேல உக்காந்திருந்தாங்க. மூஞ்சி வீங்கியிருந்துச்சு. வளையல் போட்டப்ப சிரிக்கல. புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருப்பாங்க போலன்னு நான் நினைச்சேன். நான் மட்டுமா, அங்க இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் அப்படித்தான் நினைச்சாங்க. நைனா அந்தப் பக்கம் ஆம்பளைங்களைக் கூட்டி வெச்சுக்கினு வண்டிப் பெருமை பேசிக்கினு இருந்தார். "காலியா ஓட்டினா ஆளையே தூக்கிப் போட்டுடும் மாமு. அதான் புள்ளைங்களை எடைக்கு ஏத்திக்கினு வந்தேன். இப்ப பாரு, தண்ணி தளும்பாம கூட்டிக்கினு போவேன்." எல்லாரும் சிரிச்சாங்க. அத்தைக்கும் அது கேட்டிருக்கும், ரெண்டடி தூரத்துலதான் உக்காந்திருந்தாங்க.

திரும்பி வரப்ப அத்தை முன்னாடி, நாம பின்னாடி. பட்டாள லாரிங்க ஓடி ஓடி ரோடு பூராவும் பள்ளம். ஆனா வண்டி சொன்ன மாதிரியே சொகமா வந்துச்சு. திருவொத்தியூர் தாண்டுறப்ப அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாங்க.

"இடுப்பு நோவுது அண்ணாத்தே. பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்கினே வரேன். புள்ளைங்க எறங்கி நடந்து வரட்டும்."

"எறங்கினா வண்டி ஒதறும்மா. கொஞ்சம் பொறுத்துக்க, தோ வந்துடுச்சு வூடு."

"முடியல அண்ணாத்தே. நீ மெதுவா ஓட்டு. நீ ஓட்டினா எனக்கு இன்னா பயம்?"

அந்த ஒரு வார்த்தைக்கு நைனா இளகிட்டார். நம்மளை எறக்கிட்டு, மணியடிக்கிறவர் பெரிய மவன்கிட்ட "எல்லாரையும் பத்திரமா கூட்டியாடா"ன்னு சொல்லிட்டுப் போனார். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுக்கினு போனதை நாம நின்னு பாத்தோம்.

அப்புறம் நாம பண்ணது இதுதான். கடக்கரையில பெரிய வலை இழுத்துக்கினு இருந்தாங்க. நாமளும் ஓடிப்போய்க் கயித்தைப் புடிச்சோம். ஏலேலோ பாடினோம். கூலியா ஆளுக்கு ஒரு கை நெத்திலி குடுத்தாங்க, பாவாடையில ஏந்திக்கினேன். ஈர மணல்ல வூடு வரைக்கும் பாடிக்கினே நடந்தோம். நானும் என் வயசுக்கு எத்தனையோ நல்லது பாத்துட்டேன், ஆனா அந்தச் சாயங்காலம் மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல. அந்தச் சந்தோஷத்தை நினைச்சு வெக்கப்படாம என்னால இருக்க முடிஞ்சதில்ல.

வீட்டு வாசல்ல பொம்பளைங்க கூட்டம். அத்தைக்கு வலி எடுத்துடுச்சு. விடிஞ்சப்ப புள்ள பொறந்துச்சு, உசுரு இல்ல. ஆம்பளப் புள்ள. மருத்துவச்சி வெளிய வந்து கையைத் தொடைச்சுக்கினே, "வண்டி ஒதறினதுல கலைஞ்சுபோச்சு"ன்னு சொன்னாங்க. நைனா ஒரு துண்டுல சுத்தி வாங்கிக்கினு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு நடந்தே போனார். ஜீப்பை எடுக்கல. யாரையும் கூட வரவும் விடல.

அன்னிக்கு நம்ம எல்லாருக்கும் அடி விழுந்துச்சு. எடைக்கு ஏத்தினா எடையா இருக்க வேணாமா, எறங்கினா என்ன ஆகும்னு தெரியாதா, வலை இழுக்கப் போனீங்களான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. என்னை மட்டும் நைனா அடிக்கல. அடிச்சிருந்தா தேவலை. திரும்பி வந்து, வெயில்ல, தனி ஆளா, அந்தப் பட்டாவைக் கழட்டினார். கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, அம்மா துணி எடுத்துக்கினு போனா வாங்கல. கழட்டினதைத் திரும்ப எதுலயும் மாட்டல. சக்கரம் இல்லாத வண்டி கணக்கா அது தெருவுல குந்தியே கெடந்துச்சு, அப்புறம் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கினு போனான். நைனா ஹார்பர்ல கூலிக்கு லாரி ஓட்டப் போயிட்டார்.

அத்தையோட மாமியார் வந்தாங்க. நம்ம தெருவே கேக்க மாரடிச்சுக்கினு அழுதாங்க. "எங்க வூட்டுப் புள்ளைய ஒதறிக் கொன்னுட்டியேடா பாவி. எம்மருமவ வயித்துல இன்னா கொறை? ஏழு மாசம் நின்னுச்சே, சொமந்தாளே அவ. ஒன்னோட தகர வண்டிக்கு எங்க வாரிசைப் பலி குடுத்துட்டியே." நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னார். அத்தையைக் கையோட கூட்டிக்கினு போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அத்தைக்கு ஒரு பையன் பொறந்தான். பின்னாடி இன்னும் ரெண்டு. நல்லா வாழ்ந்தாங்க. மொதப் பையனுக்குக் காது குத்தினப்ப நைனா வரிசைத் தட்டோட போனார், நானும் கூடப் போனேன். தாய்மாமன் மடியில உக்காரவெச்சுத்தானே குத்தணும். மாமா, அதான் அத்தையோட வூட்டுக்காரர், பந்தலுக்குள்ளயே விடல. "ஒரு புள்ளைய வாங்கினது போறாதா?"ன்னு கேட்டார். பங்காளி வகையில யாரோ ஒருத்தர் மடியில பையனை உக்கார வெச்சாங்க. பையன் கத்தின சத்தம் வெளிய கேட்டுச்சு. நைனா தட்டைக் கீழ வைக்காம, அந்தச் சத்தம் ஓயுற வரைக்கும் மணல்லயே நின்னார். அத்தை ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக்கினு வந்து குடுத்தாங்க, நிமிந்து பாக்கல. தீபாவளிக்குத் தீபாவளி போவார், வெளியவே நிப்பார், தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துடுவார். சாவுற வரைக்கும் அப்படித்தான்.

நைனா போய் ரொம்ப வருஷம் கழிச்சு, அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. படுக்கையில இருந்தாங்க. அந்தக் காது குத்தின பையன், இப்ப அவனே கெழவன், காபி குடுத்துட்டு வெளிய போனான். அத்தை கதவைச் சாத்தச் சொன்னாங்க.

"வளையல் போடுறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே புள்ள அசையல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவங்களே சொல்லிக்கினு போனாங்க.

"அந்த வூட்லயே செத்துப் பொறந்திருந்தா மூணாவதும் தங்கலன்னு என்னைத் தொரத்திருப்பாங்க. பொண்ணு கூட பாத்து வெச்சிருந்தா எம்மாமியா. உங்க நைனா வண்டியப் பத்திப் பேசிக்கினு இருந்தான். காலியா போனா ஒதறும்னான். அப்பத்தான் தோணுச்சு. அதான் உங்களை எறக்கி உட்டேன்."

"மருத்துவச்சி?"

"அவளுக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுது. புள்ள தோலு உரிஞ்சு கெடந்துச்சு. அவ காலைப் புடிச்சேன். பொம்பளைதானே அவளும், ஒத்துக்கினா."

"நைனாகிட்டயாவது சொல்லிருக்கலாமே அத்தே. தனியா, காதோட."

"அவனுக்குப் பொய் சொல்ல வருமா? தெரிஞ்சா அவன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். எம்மாமியா ஒரு வாட்டி ஏசினா போதும், எல்லாத்தையும் கொட்டிடுவான். அவன் மேல பழி இருந்ததாலதான் எங்கழுத்துல தாலி இருந்துச்சு. அப்பால எல்லாரும் செத்தாங்க, மாமியா, உங்க மாமா. அப்ப சொல்லலாம்னு பாத்தேன். இத்தினி வருஷம் கழிச்சு எப்படிச் சொல்றதுன்னு தள்ளிக்கினே இருந்தேன். அவனும் பூட்டான்."

நம்மளைப் பத்தி நினைச்சேன். பெல்ட்டு தழும்பை நினைச்சேன். அந்தப் பெரியவனுக்கு அன்னிக்குப் பத்து வயசு, புள்ளைங்களை நீதானே கூட்டிக்கினு போனன்னு கேட்டு அடிச்சாங்க. நாம எறங்கினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன், கேட்டுக்குங்க. நம்ம யார் மேலயும் தப்பு இல்ல. செத்துப்போன சின்னவன் மேலயும் இல்ல, அவன் புள்ளைங்ககிட்டயும் சொல்லிடுங்க.

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா மிச்சத்தையும் சொல்லாம விட்டா நானும் அத்தை மாதிரியே ஆயிடுவேன்.

அத்தை என் கையைப் புடிச்சுக்கினாங்க. அவங்க கை வெறும் எலும்பு. "நீ அவன் கூடவே இருந்தவ. சொல்லு. இது தெரிஞ்சிருந்தா உங்க நைனா இன்னா சொல்லிருப்பான்?"

அவர் என்ன சொல்லியிருப்பார்னு எனக்கு நல்லாத் தெரியும். 'நீ வாழ்ந்தியே, அது போதும் கண்ணு'ன்னு சொல்லியிருப்பார். சொல்லிட்டு, அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டிருப்பார். அத்தை அதைக் கேக்கத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாங்க, அதுவும் எனக்குப் புரிஞ்சுது. சாகப்போற மனுஷி. அந்த ஒரு வார்த்தையை எடுத்துக் குடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிருக்காது.

பந்தலுக்கு வெளிய தட்டோட நின்ன நைனாதான் எனக்குக் கண்ணு முன்னாடி வந்தார். "எனக்குத் தெரியாது அத்தே"ன்னு சொல்லி கையை எடுத்துக்கினு எழுந்து வந்துட்டேன். அடுத்த வாரம் அவங்க போயிட்டாங்கன்னு பையன் வந்து சொன்னான்.